தோட்டத்து ஊரில் ஹைபிரிட் வால்வு ஹெட்போன் ஆம்ப்: வாங்குவது, வைப்பது, காப்பது

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் எலக்ட்ரிக்கல் கடையில் போய் ‘டியூப் இருக்கா’ என்று கேட்டால், நாலடி டியூப் லைட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஆகவே ஆம்ப்ளிஃபையரில் (சுருக்கமாக ஆம்ப்) சிக்னலைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாயை இதில் முழுக்க ‘வால்வு’ என்றே எழுதுகிறோம். வால்வு ரேடியோ இருந்த வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தச் சொல் இன்னும் மறக்கவில்லை.

ஹைபிரிட் என்றால் முன்பாதி வால்வு, பின்பாதி டிரான்சிஸ்டர். உள்ளே வரும் சிக்னலின் வோல்டேஜை வால்வு பெருக்குகிறது. ஹெட்போனை ஓட்டத் தேவையான கரண்டை மாஸ்ஃபெட்டோ டிரான்சிஸ்டரோ கொடுக்கிறது. வால்வை மட்டும் வைத்துக் குறைந்த ஓம் ஹெட்போனை ஓட்ட நினைத்தால் கனமான அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அந்தச் செலவையும் எடையையும் தவிர்க்கத்தான் இந்தக் கலப்பு.

இப்படி ஓர் ஆம்பை வாங்கியவர்கள் முதல் வாரமே வால்வு மாற்றுவதில் இறங்கிவிடுகிறார்கள். நம் பக்கம் இந்தப் பெட்டிகள் வால்வால் சாவது குறைவு. கரண்டு, இடி, புழுக்கம், எறும்பு, பல்லி ஆகியவைதான் கொல்கின்றன. அதனால் அவற்றை முதலில் பார்த்துவிட்டு வால்வுக்கு வருவோம்.

வாங்கும் முன் இரண்டு கணக்கு

முதல் கணக்கு ஹெட்போனுக்கு எவ்வளவு தேவை என்பது. விளம்பரத்தில் ‘6 வாட்’ என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். சென்ஹைசர் எச்டி 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல். இசையின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றால் இன்னும் 7 டெசிபல். அதாவது 2.24 வோல்ட், வெறும் 17 மில்லிவாட். மறுகோடியில் ஹைஃபைமேன் எச்இ-6: 50 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். அதே 110-ஐத் தொட 447 மில்லிவாட் வேண்டும், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். இரண்டாவது வகை ஹெட்போனுக்குத்தான் பெரிய ஹைபிரிட்டின் கரண்டு உண்மையில் தேவைப்படுகிறது. முதல் வகைக்கு வோல்டேஜ் இருந்தால் போதும்.

இரண்டாவது கணக்கு ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அவுட்புட்டில் ஆம்பின் சொந்த உள்தடை. ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான அளவு. 32 ஓம் ஹெட்போன் என்றால் 4 ஓம். கையேட்டில் இந்த எண் இல்லாவிட்டால் நீங்களே அளக்கலாம். கைபேசியில் 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் இல்லாமல் அவுட்புட்டை ஏசி வோல்ட்டில் அளந்து 0.500 வரும்வரை வால்யூமைத் திருப்புங்கள். பிறகு அவுட்புட்டின் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். அளவு 0.478 ஆக இறங்கினால், 0.500-ஐ 0.478-ஆல் வகுத்து, அதில் 1-ஐக் கழித்து, 33-ஆல் பெருக்குங்கள். விடை 1.5 ஓம். இது நல்ல எண். சாதாரண மல்டிமீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும் என்பதால்தான் 200-இல் அளக்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து பழையது வாங்குகிறவர்கள் பின்பக்க வோல்டேஜ் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்கப் பெட்டி 115 அல்லது 120 வோல்ட், ஜப்பான் பெட்டி 100 வோல்ட். அப்படியே நம் சாக்கெட்டில் செருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் மட்டும் போகும். இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மர் கருகி மின்தேக்கிகள் வெடிக்கும். வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருந்தால் 230-க்குத் தள்ளுங்கள். கூடவே ஃபியூஸையும் பாதியாகக் குறையுங்கள். 115-இல் 1 ஆம்பியர் ஸ்லோ-புளோ (சற்றுத் தாமதித்துப் போகும் வகை) இருந்த இடத்தில் 230-க்கு 500 மில்லிஆம்பியர் ஸ்லோ-புளோ. இந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு பழுது வரும்போது ஃபியூஸ் போகாமல் டிரான்ஸ்பார்மர் போகிறது. சுவிட்சே இல்லாத பெட்டி என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 60 வாட் ஆம்புக்கு 150 வோல்ட்-ஆம்பியராவது இருக்கட்டும்.

கரண்டு

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அனுமதிக்கப்பட்ட எல்லை மேலே 10 விழுக்காடு, கீழே 6. அதாவது 216-இலிருந்து 253 வரை எது வந்தாலும் விதிப்படி சரிதான். தாமானின் கடைசி வரிசை வீட்டிலோ தோட்டத்து லயத்திலோ இந்த ஆட்டம் நன்றாகவே தெரியும். மாலையில் எல்லா வீட்டிலும் ஏர்கான் ஓடும்போது இறங்கும், விடியற்காலையில் ஏறும். வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத ஆம்பில், வீட்டில் 253 வந்தால் ஹீட்டரில் 6.9 நிற்கும், வால்வின் ஆயுள் குறையும். நல்ல விலை ஆம்ப்களில் ஹீட்டருக்கு ரெகுலேட்டர் இருக்கும், ஆனால் கூடுதல் வோல்டேஜ் முழுவதும் அந்த ரெகுலேட்டரில் சூடாக மாறும். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கி ஒரு வாரம் காலை, மதியம், இரவு குறித்து வையுங்கள். 253-ஐத் தாண்டினால் மின்சார நிறுவனமான டிஎன்பி-யில் புகார் கொடுக்கலாம், அது அவர்கள் வேலை.

எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், ஆனால் உள்ளே பச்சை வயர் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆம்பின் உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் மெல்லிய நடுக்கம் தெரிந்தால் அதுதான் அறிகுறி. உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் பெட்டிக்கு எர்த் இல்லாமல் இருக்கக் கூடாது. சுருஹன்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். டெஸ்டர், எர்த் இணைந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் காலை வெட்டச் சொல்லும் ஆலோசனை எங்கே வந்தாலும் கேட்க வேண்டாம். பிளக்கைத் திறந்தீர்கள் என்றால், அதில் வரும் 13 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். சிவப்பு நிறத்தில் இருக்கும். மெல்லிய கேபிளுக்கு அதுதான் பொருத்தம்.

இடி. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் பேராக் உள்பகுதியில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. சாக்கெட் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது லைவ் வயரை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் வழியாகவும் எர்த் வழியாகவும் மின்னல் வரும். பிளக்கை உருவுங்கள். அதோடு நிறுத்தாமல் யுஎஸ்பி வயரையும் உருவுங்கள். மின்னல் கரண்டுக் கம்பியில் மட்டுமா வருகிறது? கூரையில் நிற்கும் டிஷ்ஷின் கேபிள், இன்டர்நெட் வயர், மோடம், கணினி, யுஎஸ்பி, டிஏசி (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) என்று சங்கிலியாக வந்து ஆம்பின் இன்புட்டைச் சுடும். டிவி டிகோடரிலிருந்து டிஏசி-க்கு ஆப்டிகல் கேபிள் போட்டால் அந்த வழி அடைபடும், ஏனென்றால் அதில் ஓடுவது ஒளி. சர்ஜ் புரொடெக்டர் நல்லதுதான், ஆனால் அதற்குள் இருக்கும் பொருள் ஒவ்வொரு அடிக்கும் தேயும். பச்சை விளக்கு அணைந்த பிறகு அது வெறும் எக்ஸ்டென்ஷன். இடி நேரத்தில் ஈஎல்சிபி (மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து, நீங்கள் இல்லாதபோது வீட்டில் யாராவது ஏற்றிவிடுவார்கள். ஆம்பின் சுவிட்ச் ஆன் நிலையில் இருந்தால் ஹெட்போன் செருகியபடியே அது உயிர்பெறும். கேட்டு முடித்ததும் ஆம்பை அணைத்து, ஹெட்போனைக் கழற்றி, பிளக்கை உருவிவிட்டால் மூன்று தொல்லை ஒரேயடியாகத் தீரும்.

எங்கே வைப்பது

மேலே 15 சென்டிமீட்டர், பக்கங்களில் 10 சென்டிமீட்டர் இடைவெளி. கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் வேண்டவே வேண்டாம். இதற்குக் கணக்கு உண்டு. மின்தேக்கியில் ‘105 டிகிரி, 2000 மணி’ என்று அச்சிட்டிருக்கும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிக்கும். மின்தேக்கி 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி, 75-இல் இருந்தால் 16,000. தினம் நாலு மணி கேட்பவருக்கு முதலாவது ஏறக்குறைய 22 வருஷம், இரண்டாவது 11 வருஷம். குளிர்நாட்டில் 20 டிகிரி அறைக்கு வடிவமைத்த பெட்டியை நாம் 32 டிகிரியில் ஓட்டுகிறோம், அந்த 12 டிகிரியை முன்பே இழந்துவிட்டோம். பெட்டியின் மேல்தட்டில் கை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் காற்றோட்டம் போதவில்லை. 12 சென்டிமீட்டர் கணினி விசிறி ஒன்றை 5 வோல்ட் யுஎஸ்பி-யில் மெதுவாக ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்தால் சத்தம் கேட்காது, சூடு நன்றாக இறங்கும்.

ஏர்கான் அறையில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இரவு முழுக்கக் குளிர்ந்த அறையின் சன்னலைக் காலையில் திறந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் வெளி ஈரம் வியர்வையாகப் படியும். உடனே ஆன் செய்யாமல் அரை மணி விடுங்கள்.

சாமி மேடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். விளக்கு எண்ணெயின் ஆவியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து பழுப்பான பிசுக்காகப் படியும், அதன்மேல் தூசி ஒட்டும், மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வால்வு சாக்கெட்டின் பின்களுக்கு இடையே இந்தப் பிசுக்கு படிந்தால் கரகரவென்று கசிவு சத்தம் வரும், வால்வைக் குறை சொல்வீர்கள். புகைமூட்டம் சூழும் மாதங்களிலும் இதே கதைதான். மெல்லிய பிரஷ்ஷால் மாதம் ஒருமுறை துளைகளைத் துடையுங்கள்.

எறும்பும் பல்லியும் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் வருகின்றன. வால்வின் ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே கால் வைக்கும். அதன் உயிரோடு உங்கள் ரெகுலேட்டரும் போகும். சோற்று அலமாரிக்குச் செய்வதுபோல் மேசைக் கால்களைக் கிண்ணத்தில் நிறுத்தலாம், ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதம் எழுதுவார். சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். எறும்புச் சாக்கட்டியின் தூளை ஆம்பின் அருகே கொண்டுபோகாதீர்கள். அணைத்து ஒரு மணி கழித்து, ஆறிய பிறகு, பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். கேட்காத வாரத்திலும் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டிவிடும்.

முதல் முறை ஆன் செய்யும்போது

ஹெட்போனைச் செருகுவதற்கு முன் டிசி ஆஃப்செட், அதாவது பாட்டே இல்லாதபோதும் அவுட்புட்டில் நிற்கும் டிசி வோல்டேஜ், எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். ஹெட்போன் ஆயிரக்கணக்கான வெள்ளி, அளக்க வேண்டிய கருவி ஐம்பது வெள்ளிக்குள். 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக் ஒன்று வாங்கி மூன்று வயரைப் பற்றவையுங்கள்: நுனி இடது, நடு வளையம் வலது, உடல் கிரவுண்டு. வயர்களின் முனை ஒன்றோடொன்று தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வால்யூம் பூஜ்யம், இன்புட் எதுவும் வேண்டாம். மீட்டரை டிசி 200 மில்லிவோல்ட்டில் வைத்து ஆன் செய்யுங்கள். முதல் சில விநாடிகள் எண் தாறுமாறாகத் தாவும், பெரும்பாலான ஆம்ப்களில் 30 முதல் 60 விநாடிக்குள் ரிலே ‘டிக்’ என்று அடிக்கும். பிறகு 1, 10, 30 ஆவது நிமிடங்களில் குறியுங்கள். 10 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் மிக நன்று, 20-30 வரை கவலையில்லை. 50-ஐத் தாண்டி நின்றால் ஹெட்போனைச் செருகாதீர்கள். 32 ஓமில் 50 மில்லிவோல்ட் என்பது 1.6 மில்லிஆம்பியர்தான், அது சுருளை எரித்துவிடாது. ஆனால் அவுட்புட்டில் ஏதோ ஒன்று தடம்மாறுகிறது என்பதற்கு அது சாட்சி, அடுத்த வாரம் 5 வோல்ட்டாக வரலாம். எண்களை ஒரு காகிதத்தில் தேதியோடு எழுதி, கையேட்டுக்குள் வையுங்கள்.

நான்கு முனை எக்ஸ்எல்ஆர் என்றால் 1-க்கும் 2-க்கும் இடையே இடது, 3-க்கும் 4-க்கும் இடையே வலது. இந்த பேலன்ஸ்டு அவுட்புட்டில் 2-ஐயும் 4-ஐயும் ஒன்றாகச் சேர்த்துச் சாதா ஹெட்போனுக்கு மாற்றும் அடாப்டரை ஒருநாளும் போடாதீர்கள். இரண்டும் கிரவுண்டு இல்லை, இரண்டு தனித்தனி ஆம்பின் வாய். ஒட்டினால் ஒன்று மற்றொன்றைச் சுடும். சாதா ஹெட்போனுக்குச் சாதா துளைதான்.

கெய்ன் (பெருக்கும் அளவு) சுவிட்ச் இருந்தால் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். டிஏசி 2 வோல்ட் தருகிறது, ஆம்ப் அதைப் பத்து மடங்காக்கினால் வால்யூம் குமிழை, கடிகார முள்ளாக நினைத்தால், எட்டு மணி நிலைக்கு மேல் திருப்ப முடியாது. அந்தக் கீழ்முனையில் இடது-வலது சமமாக இருக்காது. பாட்டு ஒரு பக்கம் சாய்ந்து கேட்டால் காதில் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

வால்வு: எது பொருந்தும், எது கொல்லும்

நல்ல விலை ஹைபிரிட்களில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். ஒன்பது பின் கொண்ட 6922 குடும்பம், எட்டு பின் கொண்ட பெரிய 6எஸ்என்7. முதலாவதில் 6922-உம் இ88சிசி-உம் ஒன்றே. ஹீட்டர் 300 மில்லிஆம்பியர். 6டிஜே8 அல்லது இசிசி88 என்பது அதன் எளிய அண்ணன். ஹீட்டர் 365, பிளேட் (உயர் வோல்டேஜ் வரும் உள்தகடு) 130 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இ88சிசி 220 வரை தாங்கும். ரஷ்ய 6என்23பி இதே குடும்பம்தான், விலைக்கு நல்ல சரக்கு.

பின்கள் பொருந்துவதால் ஏமாறும் இடங்கள் இவை. 6என்1பி அதே துளையில் இறங்கும், ஆனால் ஹீட்டர் 600 மில்லிஆம்பியர் கேட்கும், இருமடங்கு. இரண்டு வால்வு உள்ள ஆம்பில் ரெகுலேட்டர் கருகலாம், உடனே இல்லாவிட்டாலும் நாளடைவில். 6என்30பி 825 கேட்கும், இன்னும் மோசம். 12ஏயு7-க்கும் ஒன்பது பின்தான், ஆனால் அதில் 9-ஆவது பின் ஹீட்டரின் நடுமுனை. 6922-இல் அதே பின் உள்திரையின் கிரவுண்டு. கையேடு இரண்டையும் ஏற்கும் என்று சொல்லாதவரை மாற்றிப் போடாதீர்கள். பிசிசி88 என்பது 7 வோல்ட் ஹீட்டர் கொண்டது. 6.3-இல் பலர் ஓட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது, மலிவும்கூட. என்றாலும் குறை சூட்டில் ஓடும் வால்வின் ஒலியை வைத்து ஆம்பை எடைபோடக் கூடாது.

இணையத்தில் வெளிநாட்டு வால்வு வாங்கும்போது விலை 500 ரிங்கிட்டுக்குள் என்றால் 10 விழுக்காடு விற்பனை வரி சேரும். 2024 ஜனவரி 1 முதல் இந்த நடைமுறை. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

போலி நிறைய. மேலே அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பிலிப்ஸ் குழுமத்து ஆலைகளின் வால்வில் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் அரித்து எழுதிய குறியீடு இருக்கும். நெதர்லாந்தின் ஹேர்லன் ஆலைக்கு அது ஒரு முக்கோணம். டெலிஃபங்கனில் அடிக்கண்ணாடியில் பின்களுக்கு நடுவே வைர வடிவம் வார்த்திருக்கும். விரல் வைத்தாலே அழியும் எழுத்து போலி என்பதும் தவறு, அசலின் மையே அப்படித்தான் அழியும். பழைய வால்வைத் துணியால் துடைத்து அதன் மதிப்பைத் துடைத்துவிடாதீர்கள்.

உச்சியில் இருக்கும் வெள்ளி பூச்சைப் பாருங்கள். பளபளவென்று கண்ணாடிபோல் இருந்தால் நல்லது. பால் வெள்ளையாக இருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, கூரியரில் விரிசல் விட்டிருக்கிறது. அதைச் செருகிப் பார்க்கவே வேண்டாம்.

மாற்றும் முறை. அணைத்து, பிளக்கை உருவி, 15 நிமிடம் விடுங்கள். கண்ணாடியும் ஆறும், மின்தேக்கியும் இறங்கும். வால்வின் கழுத்தைப் பிடித்து ஒரு மயிரிழை அளவு முன்னும் பின்னும் ஆட்டியபடி நேர்மேலே இழுங்கள். வட்டமாகத் திருகினால் பின் வளையும், அடிக்கண்ணாடி விரியும். புதியதைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்: ஒன்பது பின்னுக்கு இடையே ஓர் இடைவெளி மட்டும் அகலமாக இருக்கும். சாக்கெட்டிலும் அதே அகல இடைவெளியைத் தேடுங்கள். வெளிச்சம் போதாது, டார்ச் வைத்துப் பாருங்கள். இரண்டும் நேராக வந்ததும் தானாக உட்காருவதுபோல் இருக்கும், அப்போதுதான் அழுத்த வேண்டும். பலம் தேவைப்பட்டால் எங்கோ தப்பு. நம் ஈரத்தில் பின்கள் கருத்திருக்கும். கான்டாக்ட் கிளீனரைத் துணியில் தெளித்துப் பின்னைத் துடையுங்கள், சாக்கெட்டுக்குள் நேரே பீச்ச வேண்டாம். காய்ந்த பிறகே செருகுங்கள். மாற்றியதும் ஆஃப்செட்டை மறுபடி அளக்கவும். சில வால்வுகள் ஆன் செய்த கணத்தில் பல்பு போல வெளிச்சம் அடித்து அடங்கும். அது ஹீட்டரின் வெளிப்பட்ட பகுதி, பயப்பட ஒன்றுமில்லை.

வால்வை ஒப்பிட உங்களுக்கு நெருக்கமான ஒலியை வையுங்கள். தவிலின் வலந்தலையில் விரல் கூடு படும் ‘டக்’கும், இடப்பக்கத்துக் குச்சி அடியின் கீழ்நாதமும் தனித்தனியே கேட்கிறதா என்பது நல்ல சோதனை. நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் காதைக் குத்துகிறதா என்பது இன்னொன்று. இரண்டு வால்வையும் ஒரே சத்த அளவில் கேட்டால்தான் ஒப்பீடு. கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் ‘நல்ல வால்வு’ ஆகிவிடும், நிறையப் பணம் இப்படித்தான் போகிறது.

சத்தம் கெட்டால்

ஒரு காதில் மட்டும் கரகரப்பு. இரண்டு வால்வையும் இடம் மாற்றுங்கள். கரகரப்பும் இடம் மாறினால் வால்வு, மாறாவிட்டால் ஆம்ப். ஒற்றை 6எஸ்என்7 உள்ள ஆம்பில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பக்கமும் இருப்பதால் இந்தச் சோதனை செல்லாது. வேறு வால்வு ஒன்று கையிருப்பில் வேண்டும்.

தட்டினால் மணிபோல் ஒலிக்கிறது. பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். சின்ன ‘டிங்’ சகஜம், ‘ஙொய்ங்’ என்று நீண்டால் அந்த வால்வு மைக்காக மாறிவிட்டது. சிலிக்கோன் வளையம் மாட்டலாம், மேசையில் ஆம்புக்கு அடியில் ரப்பர் பாதம் வைக்கலாம். பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு வைக்கும் ஒலிபெருக்கியின் அதிர்வே சில நேரம் இதைத் தூண்டும்.

அடியில் ஓயாத இரைச்சல். இன்புட் வயர்களை எல்லாம் உருவுங்கள். நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் வழிகள் வளையமாகச் சேர்ந்து இரைச்சல் தருகின்றன. கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், இல்லையென்றால் ஆப்டிகலுக்கு மாறுங்கள், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். நிற்காவிட்டால், கைபேசியில் 50, 100 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஓடவிட்டு எதோடு ஒத்துப்போகிறது என்று கேளுங்கள். 50 என்றால் டிரான்ஸ்பார்மரோ ஹீட்டர் வயரோ தூண்டுகிறது, ஆம்பை மோடத்திடமிருந்தும் மற்ற அடாப்டர்களிடமிருந்தும் நகர்த்திப் பாருங்கள். 100 என்றால் பவர் சப்ளையின் மின்தேக்கி களைத்திருக்கலாம்.

வால்யூம் திருப்பும்போது சரசரப்பு. அணைத்துவிட்டு குமிழை இருபது முப்பது முறை முழுதாகத் திருப்புங்கள், பாதிக்குப் பாதி இதிலேயே தீரும். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அதில் அடிக்காதீர்கள். சுத்தம் செய்தும் ஒரே வாரத்தில் திரும்பி வந்தால் குமிழுக்குள் டிசி கசிகிறது, முந்தைய கட்டத்து மின்தேக்கியைப் பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் போகிறது. ஒருமுறை மாற்றலாம், அதே எண்ணில், அதே ஸ்லோ-புளோ வகையில். டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் ஆன் ஆகும் கணத்தில் பெரிய இழுப்பு இழுக்கும் என்பதால் சாதாரண வேக ஃபியூஸ் காரணமின்றிப் போகும். மறுமுறையும் போனால் நிறுத்திவிடுங்கள். பெரிய எண் போட்டு ஓட்டினால் பழுது செலவு பத்து மடங்கு.

பெட்டியைத் திறக்கும் வேலை எல்லாருக்கும் இல்லை. பிளக்கை உருவிய பிறகும் மின்தேக்கியில் நிமிடக்கணக்கில் வோல்டேஜ் நிற்கும். டிசி 200 வரையோ அதற்கு மேலோ போகும் ஆம்ப்கள் உண்டு. மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை எண்ணால் பார்க்காமல் விரலை வைக்க வேண்டாம். பயஸ் (ஓய்வு நிலைக் கரண்டை அமைக்கும்) திருகுகள் இருந்தால் கையேட்டில் எழுதிய அளவுக்கு, முழுச் சூட்டில், கால் சுற்று கால் சுற்றாக. கையேடு இல்லையா, தொடாதீர்கள்.

காதுக்கும் ஒரு வரம்பு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். இந்த ஆம்ப்கள் 110-ஐச் சிரமமில்லாமல் தாண்டும், சிதறல் இல்லாத ஒலி சத்தமாகவே தெரியாது. வெளியே ஆள் கூப்பிடுவது கேட்காவிட்டால் குமிழைக் குறையுங்கள்.

மிச்ச வால்வுகளையும் ஹெட்போனையும் கேமராக்காரர்கள் வைக்கும் உலர்பெட்டியில் 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கலாம். அது இல்லையென்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலமும். செயற்கைத் தோல் காதுறைகள் நம் ஈரத்தில் உரியும், வெல்வெட் உறை நிற்கும்.

பழுதுக்கு அனுப்ப நேர்ந்தால், உதிரிகள் ஈப்போவிலோ கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலோ கிடைக்கும், ஆனால் வால்வு ஆம்ப் தெரிந்த கை வேண்டும். விசாரித்துத் தேர்ந்துகொள்ளுங்கள். அனுப்பும் முன் வால்வுகளைக் கழற்றி, இடது வலது என்று எழுதி, ஒவ்வொன்றையும் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றித் தனி டப்பாவில் போடுங்கள். ஆம்பைப் பெட்டிக்குள் பெட்டியாக, எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் ஃபோம் வைத்துக் கட்டுங்கள். டிரான்ஸ்பார்மர் ஒரு பக்கம் கனக்கும் என்பதால் அந்தப் பக்கம் கீழே வரும்படி அம்புக்குறி போடுங்கள். எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் பார்சலாக ஏற்றினால் சாமான் அறையில் பயணப் பைகள் மேலே விழும், மரப் பலகை ஒன்றை உள்ளே வையுங்கள். முதல் நாள் எழுதி வைத்த ஆஃப்செட் எண்களையும், எந்த வால்வோடு, எத்தனை மணி நேரத்தில், எந்தக் காதில் சத்தம் வந்தது என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி மேல்தட்டில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.